தொலைவில் உள்ள கோப்பும் கையில் உள்ள எடிட்டரும்: கணினி கேள்வி பதில்

வீட்டிலிருந்தபடியே, இணையத்தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் தொலைவுக் கணினியான சேர்வரிலுள்ள கோப்பொன்றைத் திறந்து, திருத்தி, சேமிப்பதில் ஏற்படும் சிக்கல்கள் பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். பழைய மாணவர் சங்கமோ, ஆலய பரிபாலன சபையோ, சனசமூக நிலையமோ ஓர் இணையத்தளம் வைத்திருந்தால், அதற்குரிய சேர்வர் சிங்கப்பூரிலோ ஜேர்மனியிலோ இருக்கும். பணம் கட்டுவது கனடாக் கிளையாக இருக்கும். பக்கங்களைத் திருத்துவது யாழ்ப்பாணத்தில் ஒருவராக இருப்பார். அவருக்கு ஒரு பிழை வந்தால் பக்கத்தில் கேட்க ஆளில்லை என்பதை இந்தக் கடிதங்கள் ஒவ்வொன்றும் சொல்கின்றன.

கடிதங்களைப் படித்தபோது ஒரு விடயம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. பிழை வந்தவுடன் எல்லோரும் முதலில், கோப்பைத் திருத்தும் நிரலான எடிட்டரைத்தான் அழித்து மீண்டும் நிறுவுகிறார்கள். எடிட்டருக்கும் கோப்புக்கும் இடையில் இணைய இணைப்பு, எஸ்எஸ்எச் (தொலைவுக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) நுழைவு, சேர்வரின் ஷெல் (கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் நிரல்), கோப்பின் அனுமதிகள் என்று பல கட்டங்கள் இருக்கின்றன. எடிட்டரை ஒதுக்கிவைத்துவிட்டு, அதே பாதையில் வெறும் கட்டளை வரியிலிருந்து ஒரு தடவை சென்று பார்த்தால், எந்தக் கட்டத்தில் தடை என்பது பெரும்பாலும் உடனேயே தெரிந்துவிடும். கீழேயுள்ள பதில்கள் பலவும் அந்த வழியில்தான் போகின்றன. கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். திரையில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டச்சிடுங்கள்.

கேள்வி: எங்கள் பாடசாலையின் பழைய மாணவர் சங்க இணையத்தளத்தை நான் பராமரிக்கிறேன். விஎஸ் கோட் எடிட்டரில் 'ரிமோட் எஸ்எஸ்எச்' நீட்சியைப் (எடிட்டரோடு சேரும் துணை நிரல்) பாவித்து, சிங்கப்பூரிலுள்ள எமது சேர்வருக்குள் போகிறேன். சிறிது நேரத்தில் 'மீண்டும் இணைக்க முயல்கிறது' என்ற செய்தி வந்து எல்லாம் உறைந்துவிடுகிறது. எடிட்டரை அழித்து மீண்டும் நிறுவினேன். இணைய நிறுவனத்தையும் மாற்றினேன். பயனில்லை. எங்களுடையது 512 மெகாபைட் நினைவகமுள்ள மலிவான சேர்வர். அது காரணமாக இருக்குமா?
— வாசகி, கொக்குவில்

பதில்: பெரும்பாலும் அதுதான் காரணம். ஆனாலும் உறுதிப்படுத்திக்கொண்டு கையை வையுங்கள்.

இந்த நீட்சி, கோப்பை உங்கள் கணினிக்குக் கொண்டுவந்து திருத்தித் திருப்பி அனுப்பும் வகையைச் சேர்ந்ததல்ல. அது தன்னுடைய ஒரு பாதியைச் சேர்வரிலேயே, உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள், பெயரின் முன்னால் புள்ளியுள்ள ஒரு மறைவான கோப்புறையில் நிறுவிக்கொள்கிறது. உங்கள் திரையில் தெரிவது வெறும் முகம்; கோப்புகளைத் தேடுவது, மாற்றங்களைக் கண்காணிப்பது, பிஎச்பி போன்ற மொழிகளுக்கான நீட்சிகளை ஓட்டுவது எல்லாம் சேர்வரின் நினைவகத்தில்தான் நடக்கின்றன. தொலைவுக் கணினியில் குறைந்தது 1 ஜிகாபைட் நினைவகம் வேண்டும் என்றும், 2 ஜிகாபைட்டும் இரண்டு கோர்களும் இருப்பது நல்லது என்றும் அதன் கையேடே சொல்கிறது. உங்கள் 512 மெகாபைட்டுக்குள் இணையச் சேர்வரும் தரவுத்தளமும் ஏற்கெனவே குடியிருக்கும் நிலையில் இதுவும் நுழைந்தால், நினைவகம் தீர்ந்து, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கேர்னல், அதிக இடம் பிடித்திருக்கும் செயலி ஒன்றைத் தேடிக் கொன்றுவிடும். கொல்லப்படுவது எடிட்டரின் பாதியாக இருந்தால் இணைப்பு அறுந்ததுபோலத் தெரியும். தரவுத்தளமாக இருந்தால் இணையத்தளமே விழும். அதனால் இதைக் காலம் கடத்தாமல் கவனிக்க வேண்டும்.

விஎஸ் கோட்டை மூடிவிட்டுச் சாதாரண முனையத்திலிருந்து எஸ்எஸ்எச் வழியாக உள்ளே சென்று, எதையும் தட்டாமல் அரைமணி நேரம் அப்படியே விடுங்கள். அந்த இணைப்பும் அறுந்தால், இடையிலுள்ள ரவுட்டரோ கைத்தொலைபேசி வலையமைப்போ சும்மா இருக்கும் இணைப்புகளைக் கைவிடுகிறது என்று பொருள். உங்கள் கணினியிலுள்ள எஸ்எஸ்எச் கொன்பிக் கோப்பில் 'சேர்வர் அலைவ் இன்டர்வல்' என்ற அமைப்புக்கு 30 என்று கொடுத்தால், 30 விநாடி எதுவும் வராத போதெல்லாம் ஒரு சிறு சைகை போய், இணைப்பு உயிரோடிருக்கும். இணைப்பு அறாமல் நின்றால், அதே முனையத்தில் 'ப்ரீ' கட்டளையைக் கொடுத்து எஞ்சியுள்ள நினைவகத்தையும், 'டிமெஸ்ஜ்' கட்டளையைக் கொடுத்து எந்தச் செயலி கொல்லப்பட்டது என்ற பதிவையும் பாருங்கள். 'அவுட் ஒவ் மெமரி' என்ற சொற்கள் அங்கே இருந்தால் விடை கிடைத்துவிட்டது.

விஎஸ் கோட்டின் கட்டளைப் பட்டியலில், தொலைவிலுள்ள சேர்வர் பாதியைக் கொன்றுவிடும் கட்டளை ஒன்று இருக்கிறது. பழைய இணைப்புகளிலிருந்து எஞ்சி ஓடிக்கொண்டிருப்பவற்றை அது துடைத்துவிடும். பிறகு சேர்வர் பக்கம் நிறுவப்பட்டுள்ள நீட்சிகளில் தேவையற்றவற்றை நிறுத்துங்கள்; முழு இணையத்தளத்தையும் திறக்காமல் திருத்த வேண்டிய கோப்புறையை மட்டும் திறவுங்கள்; படங்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கும் கோப்புறையைக் கண்காணிப்பிலிருந்து விலக்குங்கள். வட்டில் இடமிருந்தால் 1 ஜிகாபைட் அளவில் ஸ்வொப் கோப்பு (நினைவகத்துக்குப் பதிலாகப் பாவிக்கும் வட்டு இடம்) ஒன்றை உருவாக்குவதும் கைகொடுக்கும். இருந்தாலும் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: மாதத்துக்குச் சில பக்கங்கள் மட்டும் மாறும் ஒரு சங்கத்தின் தளத்துக்கு இந்த நீட்சி மிகை. எஸ்எஸ்எச் வழியாகக் கோப்புகளை அனுப்பும் முறையான எஸ்எப்ரிபி மூலம் ஒரு கோப்பை எடுத்துத் திருத்தித் திருப்பி வைக்கும் சாதாரண முறையே உங்கள் சேர்வருக்குப் பொருந்தும்.

இன்னொன்றையும் பாருங்கள். சேர்வரின் இயங்குதளம் பழையதானால் சிக்கல் வேறு. விஎஸ் கோட்டின் 2025 மார்ச் மாதப் பதிப்பான 1.99 இலிருந்து, சேர்வரில் ஜிலிப்சி (லினக்ஸ் நிரல்களுக்கு அடிப்படையான நூலகம்) 2.28 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு இருந்தால்தான் இந்த நீட்சி இயங்கும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் 18.04 இல் இருப்பது 2.27. அங்கே இணைப்பு இடையில் அறுவதில்லை, முதலிலேயே ஏற்படாது.

கேள்வி: ஐயா, நான் உயர்தரம் படிக்கும் மாணவன். அண்ணா எடுத்துத் தந்த உபுண்டு சேர்வர் ஒன்றில் பழகுகிறேன். உள்ளே நுழையும்போது 'வணக்கம்' என்று வர வேண்டுமென விரும்பி, ஷெல் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பின் முதல் வரியில், எழுத்தைத் திரையில் காட்டும் 'எக்கோ' கட்டளை எழுதினேன். எஸ்எஸ்எச்சில் அழகாக வருகிறது. ஆனால் அன்று முதல் எந்த எடிட்டராலும் சேர்வரிலுள்ள கோப்பைத் திறக்க முடியவில்லை. முனையத்தில் எஸ்எப்ரிபி கொடுத்தால், கிடைத்த செய்தி மிக நீளமானது என்று ஆங்கிலத்தில் சொல்லி, 3769546208 என்ற எண்ணையும் காட்டி நின்றுவிடுகிறது. நான் எழுதியது ஒரேயொரு சொல். இந்த முந்நூற்று எழுபத்தாறு கோடி எங்கிருந்து வந்தது?
— மாணவன், சாவகச்சேரி

பதில்: தம்பி, அந்த எண்ணைத் தவறாமல் எழுதி அனுப்பியதற்கு நன்றி. உங்கள் சிக்கலுக்கான முழு விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

எஸ்எப்ரிபி உரையாடலில் சேர்வர் அனுப்பும் ஒவ்வொரு செய்தியின் தொடக்கத்திலும் நான்கு பைட்டுகள் இருக்கும். அவை பின்னால் வரப்போகும் செய்தியின் நீளத்தைச் சொல்லும் எண். எடிட்டர் கோப்பொன்றைக் கேட்கும்போது சேர்வர் உங்கள் பெயரில் பாஷ் ஷெல்லைத் தொடங்கி, அதன் வழியாக எஸ்எப்ரிபி நிரலை ஓட்டுகிறது. தொடங்கிய பாஷ், பாஷ்ஆர்சி கோப்பைப் படித்து, உங்கள் 'வணக்கம்' என்ற சொல்லை முதலில் அனுப்பிவிடுகிறது. பொதியின் எடையை எழுத வேண்டிய கட்டத்தில் அனுப்புபவர் பெயரை எழுதிவிட்டால் தபாலகத்தில் என்ன நடக்குமோ அதுவே இங்கும் நடக்கிறது: எடிட்டர் அந்தச் சொல்லின் முதல் நான்கு பைட்டுகளை நீளம் என்று வாசிக்கிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். யூரிஎப்-8 முறையில் (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் குறியாக்கம்) தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள். 'வ' என்பது 224, 174, 181. அடுத்து வரும் 'ண' வும் 224 இல்தான் தொடங்குகிறது. ஆகவே முதல் நான்கு பைட்டுகள் 224, 174, 181, 224. முதலாவதை 16777216 ஆலும், இரண்டாவதை 65536 ஆலும், மூன்றாவதை 256 ஆலும் பெருக்கி, நான்காவதை அப்படியே கூட்டினால் வருவது 3769546208. உங்கள் திரையில் வந்தது இதே எண். தமிழ் எழுத்துகளில் தொடங்கும் எந்த வரவேற்பு வரியாக இருந்தாலும் எண் 3769 என்றே தொடங்கும். முதல் எழுத்தைப் பெரிதாக இட்டு ஆங்கிலத்தில் 'வெல்கம்' என்று எழுதியிருந்தால் 1466264675 வந்திருக்கும். இனி யாராவது இப்படி ஓர் எண்ணைக் காட்டினால், அதை நான்கு பைட்டுகளாகப் பிரித்து, சேர்வர் என்ன சொல்ல முயன்றது என்று நீங்களே வாசித்துவிடலாம்.

திருத்தம் எளிது. சாதாரண எஸ்எஸ்எச் வழியாக உள்ளே சென்று, 'நானோ' எடிட்டரில் பாஷ்ஆர்சி கோப்பைத் திறவுங்கள். அதன் தொடக்கத்தில், ஷெல் ஒரு மனிதரோடு உரையாடும் நிலையில் இல்லாவிட்டால் எதுவும் செய்யாமல் திரும்பிவிடு என்று கூறும் சில வரிகளை உபுண்டு எழுதி வைத்திருக்கும். நீங்கள் அதற்கு மேலே முதல் வரியாக எழுதியதால்தான் சிக்கல். அந்த வரியை வெட்டி, கோப்பின் கடைசியில் ஒட்டுங்கள். வணக்கமும் வரும், கோப்பும் திறக்கும். சரிபார்க்க, உங்கள் கணினியிலிருந்து எஸ்எஸ்எச் கட்டளையையும் சேர்வர் பெயரையும் கொடுத்து, அதே வரியின் கடைசியில் 'ட்ரூ' என்ற கட்டளையைச் சேருங்கள். திரையில் ஓர் எழுத்துக்கூட வரக்கூடாது. வந்தால், இன்னும் எங்கோ ஒரு வரி பேசிக்கொண்டிருக்கிறது.

வேறொரு சேர்வரில் இதே வரி எந்தத் தொல்லையும் தராமல் இருப்பதையும் நீங்கள் காணலாம். அங்கே எஸ்எஸ்எச் தனக்குள்ளேயே இருக்கும் எஸ்எப்ரிபியைப் பாவிக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும்; ஷெல் தொடங்காது, ஆகவே பாஷ்ஆர்சியும் வாசிக்கப்படாது.

கேள்வி: சேர்வரோடு இணையும்போது, தொலைவிலுள்ள கணினியின் அடையாளம் மாறிவிட்டது என்று பெரிய எழுத்தில் எச்சரிக்கை வருகிறது. எடிட்டரும் கோப்பைத் திறக்க மறுக்கிறது. எச்சரிக்கையை நிறுத்தும் வழி உண்டா?
— வாசகர், தெல்லிப்பழை

பதில்: நிறுத்தும் வழி உண்டு, ஆனால் அதை நான் சொல்லித்தரப் போவதில்லை. முதல் தடவை இணைந்தபோது சேர்வரின் சாவியை உங்கள் கணினி குறித்து வைத்துக்கொண்டது. இப்போது வேறொரு சாவி வருகிறது. சேர்வரின் இயங்குதளத்தை நீங்களோ சேர்வரை வாடகைக்குத் தந்தவரோ புதிதாக நிறுவியிருந்தால் இது இயல்பானது. அப்படி நடந்ததா என்று கேளுங்கள். நடந்திருந்தால், வாடகைக் கணக்கின் இணையப் பக்கத்திலுள்ள கொன்சோல் வழியாகச் சேர்வருக்குள் சென்று புதிய சாவியின் கைரேகையைப் (சாவியைச் சுருக்கிக் காட்டும் எழுத்துத் தொடர்) பார்த்து, எச்சரிக்கையில் வருவதோடு ஒப்பிட்டு, பிறகு 'எஸ்எஸ்எச் கீஜென்' கட்டளைக்கு ஆங்கிலப் பெரிய 'ஆர்' தெரிவையும் சேர்வரின் பெயரையும் கொடுத்துப் பழைய பதிவை நீக்குங்கள். யாரும் எதையும் நிறுவவில்லை என்றால், மறுமுனையில் இருப்பது உங்கள் சேர்வர்தானா என்பது உறுதியில்லை; கடவுச்சொல்லைத் தட்டாதீர்கள்.

கேள்வி: ஆலயத் திருவிழா அறிவித்தல்களைச் சேர்வரில் உள்ளபடியே, நோட்பாட் பிளஸ் பிளஸ் எடிட்டரின் எப்ரிபி (கோப்புகளை அனுப்பிப் பெறும் முறை) நீட்சி மூலம் திறந்து திருத்துகிறேன். சில கோப்புகளில் தமிழ் முழுவதும் உடைந்து, தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ' எழுத்துகளாகத் தெரிகிறது. சிலவற்றில் கேள்விக்குறிகள் மட்டும். வேறு சில, பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக இருக்கின்றன. மூன்றையும் எப்படி மீட்பது?
— வாசகர், மானிப்பாய்

பதில்: மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்கள். ஒன்றுக்கான மருந்தை மற்றதற்குக் கொடுத்தால் கோப்பு கெட்டுவிடும். எனவே எதையும் சேமிக்காமல் முதலில் இதைப் படியுங்கள்.

கோடு போட்ட 'ஏ' எழுத்துகள் மீண்டும் மீண்டும் வருமானால், கோப்பு நலமாகவே இருக்கிறது. ஒரு தமிழ் எழுத்துக்குரிய மூன்று பைட்டுகளையும் எடிட்டர் மூன்று தனித்தனி ஐரோப்பிய எழுத்துகள் என்று வாசிக்கிறது; எல்லாத் தமிழ் எழுத்துகளின் முதல் பைட்டும் 224 என்பதால் அதே 'ஏ' ஒவ்வொரு தடவையும் தலைகாட்டுகிறது. எடிட்டரின் 'என்கோடிங்' பட்டியலைத் திறந்தால் யூரிஎப்-8 இரண்டு இடங்களில் இருக்கும். மேலே இருப்பது, கோப்பிலுள்ள பைட்டுகளைத் தொடாமல் யூரிஎப்-8 ஆக வாசித்துக்காட்டும். கீழே 'கன்வேர்ட்' என்ற சொல்லோடு இருப்பது, இப்போது திரையில் தெரிகிற உடைந்த எழுத்துகளையே உண்மையான எழுத்துகள் என்று எடுத்துக்கொண்டு அவற்றை யூரிஎப்-8 ஆக மாற்றி எழுதும். உங்களுக்குத் தேவையானது மேலே இருப்பது. கீழே இருப்பதை அழுத்திச் சேமித்துவிட்டால், ஒவ்வொரு தமிழ் எழுத்தும் ஆறோ ஏழோ பைட்டுகளாகப் பருத்து, இரட்டை உடைவாக மாறும். அதையும் மீட்கலாம், ஆனால் மெனக்கெட வேண்டும்.

கேள்விக்குறிகள் மட்டும் இருந்தால் நிலைமை வேறு. கோப்பைத் தமிழ் அறியாத ஒரு குறியாக்கத்தில் யாரோ சேமித்திருக்கிறார்கள். அப்போது ஒவ்வொரு எழுத்தும் உண்மையாகவே ஒரு கேள்விக்குறியாக எழுதப்பட்டுவிட்டது. உள்ளே தமிழ் இல்லை. காப்புப் பிரதியைத் தேடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு சிறு நம்பிக்கை உண்டு: சேர்வரில் விம் எடிட்டரில் திறந்து பார்த்ததால் கேள்விக்குறி தெரிகிறதென்றால், சேர்வரின் மொழி அமைப்பு யூரிஎப்-8 ஆக இல்லாததால் திரை மட்டும் அப்படிக் காட்டலாம். அதே கோப்பை எஸ்எப்ரிபி மூலம் உங்கள் கணினிக்கு இறக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது வகை, பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய அறிவித்தல்கள். எமது அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் நெடுங்காலம் கோலோச்சிய எழுத்துரு அது. அதில் கோப்புக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகளே; எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் வடிவம் கொடுக்கிறது. ஆகையால் என்கோடிங் பட்டியலில் எதைத் தெரிந்தாலும் தமிழ் வராது. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவி ஒன்றில் உரையை இட்டு மாற்றி, வந்ததை ஒரு தடவை முழுமையாக வாசித்துப் பாருங்கள். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மாறிக் கிடக்கக் கூடும். ஊர்ப் பெயர்களிலும் உபயகாரர் பெயர்களிலும் அந்தப் பிழை நின்றால் மனம் நோகும்.

இனி இப்படி நடவாதிருக்க, எடிட்டரின் விருப்பத்தேர்வுகளில் புதிய ஆவணத்துக்கான குறியாக்கத்தை யூரிஎப்-8 என்று வையுங்கள். பட்டியலில் பிஓஎம் என்ற எழுத்துகளோடு இன்னொரு யூரிஎப்-8 இருக்கும். பிஎச்பி கோப்புகளுக்கு அதைத் தெரிய வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகளை அது கோப்பின் தலையில் சேர்த்துவிடும். பக்கத்தின் தலைப்புத் தகவல்கள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன என்று பிஎச்பி பிழை காட்டும்.

கேள்வி: ஈமாக்ஸ் எடிட்டரில், தொலைக் கோப்புகளைத் திறக்கும் வசதியான ட்ராம்ப் மூலம் ஆய்வுகூடச் சேர்வரின் கோப்பைத் திறந்தால், தொலை ஷெல்லிலிருந்து பதிலுக்காகக் காத்திருக்கிறது என்ற செய்தியோடு நின்றுவிடுகிறது. எஸ்எஸ்எச் மட்டும் கொடுத்தால் உடனே நுழைகிறது. சேர்வரில் இஸட்எஸ்எச் ஷெல்லும் வண்ணமயமான தீம் ஒன்றும் வைத்திருக்கிறேன்.
— பல்கலைக்கழக மாணவி, திருநெல்வேலி

பதில்: கடைசி வாக்கியத்திலேயே காரணத்தையும் எழுதிவிட்டீர்கள். ட்ராம்ப், மனிதர் ஒருவர் முனையத்தில் இருப்பதுபோலவே நுழைந்து, ஷெல்லின் கட்டளைக்குறி (கட்டளைக்குக் காத்திருப்பதைக் காட்டும் குறி) வந்துவிட்டதா என்று எழுத்துகளைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறது. டொலர் குறி, சதவீதக் குறி போன்ற வழக்கமான முடிவுகளை அது அறியும். அம்புக்குறி, நிறக் கட்டளை, வலப்பக்க நேரம் என்று தீம் சேர்க்கும் அலங்காரங்களுக்குள் அதனால் கட்டளைக்குறியை அடையாளம் காண முடியவில்லை; காத்துக்கொண்டே இருக்கிறது.

'தீம்' அலங்காரத்தை இழக்க வேண்டியதில்லை. ட்ராம்ப் நுழையும்போது முனைய வகையை 'டம்ப்' என்று அறிவிக்கிறது. ஆகவே இஸட்எஸ்எச்ஆர்சி கோப்பின் மேற்பகுதியில், தீம் ஏற்றப்படுவதற்கு முன், முனைய வகை 'டம்ப்' ஆக இருந்தால் வரித்திருத்தியை நிறுத்தி, கட்டளைக்குறியை டொலரும் இடைவெளியும் மட்டுமாக வைத்து, அத்தோடு திரும்பிவிடும்படி ஒரு நிபந்தனை எழுதுங்கள். பிறகு ஈமாக்ஸில் ட்ராம்ப் இணைப்புகள் அனைத்தையும் துடைக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டு மீண்டும் திறவுங்கள். பழைய இணைப்பின் நினைவு இருந்தால் திருத்தியது பலிக்காததுபோலத் தெரியும். அதன் பின்னும் நின்றால், ட்ராம்பின் விவர அளவை வழக்கமான 3 இலிருந்து 6 ஆக உயர்த்துங்கள். சேர்வர் அனுப்பிய ஒவ்வொரு வரியும் ஒரு தனி இடையகத்தில் (ஈமாக்ஸ் திறந்து வைக்கும் உரைப் பகுதி) பதிவாகும். அதன் கடைசி வரியில் எது நிற்கிறதோ அதுதான் தடை.

திறந்த பிறகு வேகம் குறைவாக இருந்தால், கிட் (கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் நிரல்) நிலையை அறிய ஈமாக்ஸ் சேர்வருக்கு ஓடிக்கொண்டிருக்கக் கூடும். தொலைக் கோப்புகளுக்கு, அந்த நிலையைப் பார்க்கும் ஈமாக்ஸின் விசி வசதியை விலக்கிவிடுங்கள். மாற்றம் உடனே தெரியும்.

கேள்வி: நெடுந்தீவில் கைத்தொலைபேசி இணைப்பில் இருந்துகொண்டு, வின்எஸ்சிபி என்ற கோப்புப் பரிமாற்ற நிரல் மூலம் சேர்வரிலுள்ள அமைவுக் கோப்பொன்றைத் திருத்திச் சேமித்தேன். அந்த நேரம் இணைப்பு அறுந்தது. திரும்ப நுழைந்து பார்த்தால் கோப்பின் அளவு பூச்சியம், இணையத்தளம் வெறுமை. இனி இப்படி நடக்காமல் என்ன செய்வது?
— ஆசிரியர், நெடுந்தீவு

பதில்: இப்படி நேரும்போது முதலில் செய்ய வேண்டியது, எடிட்டரை மூடாமல் இருப்பது. சேர்வரில் கோப்பு வெறுமையானாலும் நீங்கள் திருத்திய உரை எடிட்டரின் நினைவகத்தில் முழுமையாக இருக்கும். அதை வேறொரு பெயரில் உங்கள் கணினியிலேயே சேமித்துக்கொண்டு, இணைப்பு வந்ததும் பதிவேற்றுங்கள்.

கோப்பு வெறுமையானதற்குக் காரணம், சேமிப்பு இரண்டு கட்டங்களாக நடப்பது. பழைய கோப்பின் உள்ளடக்கம் முதலில் பூச்சியமாக்கப்படுகிறது. பிறகு புதியது ஊற்றப்படுகிறது. இரண்டுக்கும் இடையில் இணைப்பு அறுந்தால் கையில் எதுவும் மிஞ்சாது. இதற்கு வின்எஸ்சிபியிலேயே பாதுகாப்பு இருக்கிறது: புதியதைத் தற்காலிகப் பெயரில் முழுமையாக ஏற்றி, ஏறிய பின்னரே உரிய பெயருக்கு மாற்றும். ஆனால் வழக்கமான அமைப்பில் அது 100 கிலோபைட்டுக்கு மேற்பட்ட கோப்புகளுக்கு மட்டுமே வேலை செய்கிறது. சில கிலோபைட் அளவான அமைவுக் கோப்புக்கு, அதாவது கெட்டால் முழுத் தளமும் விழும் கோப்புக்கு, அந்தப் பாதுகாப்பு இல்லை. பரிமாற்ற அமைப்புகளுக்குள் சென்று அதை எல்லாக் கோப்புகளுக்கும் என்று மாற்றுங்கள். மாற்றிய பின் கோப்பு புதிதாகவே உருவாவதால் அதன் உரிமையாளர் பெயர் மாறிவிடலாம். ஒரு தடவை சரிபாருங்கள். சேர்வரின் வட்டு நிரம்பியிருந்தாலும் இதே வெறுமைதான் வரும் என்பதால், 'டிஎப்' கட்டளையால் எஞ்சியுள்ள இடத்தையும் பார்த்துவிடுவது நல்லது.

இன்னொரு வழி, கோப்பை இங்கே கொண்டுவராமல் சேர்வருக்குள்ளேயே 'டிமக்ஸ்' தொடங்கி, அதற்குள் நானோவிலோ விம்மிலோ திருத்துவது. இணைப்பு அறுந்தாலும் டிமக்ஸ் சேர்வரில் ஓடிக்கொண்டிருக்கும். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். இதில் ஒரு குறை, நீங்கள் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் சேர்வர் வரை போய்த் திரும்பினால்தான் திரையில் தெரியும். 2012 இல் வெளிவந்த 'மோஷ்' என்ற தொலை நுழைவு நிரல் இந்தக் குறையை நீக்குகிறது: எழுத்தை உடனே காட்டிவிட்டுப் பின்னர் சரிபார்க்கும், தொலைபேசி ஒரு கோபுரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறி ஐபி முகவரி மாறினாலும் இணைப்பை விடாது. சேர்வரில் யூடிபி 60000 முதல் 61000 வரையான போர்ட்டுகளைத் திறந்துவைக்க வேண்டும்.

இருந்தும் உங்கள் இடத்திலிருந்து வேலை செய்பவருக்கு நான் பரிந்துரைப்பது, தளத்தின் பிரதி ஒன்றை மடிகணினியில் வைத்து, அங்கே ஆறுதலாகத் திருத்தி, கிட் மூலம் பதிந்து, இணைப்பு நன்றாக உள்ள வேளையில் அனுப்புவதே. அனுப்புவது இடையில் அறுந்தாலும், சேர்வரில் பழைய பதிப்பு அப்படியே நிற்கும்.

கேள்வி: விண்டோஸ் கணினியிலிருந்து திருத்திச் சேமித்த ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகள் எழுதிய கோப்பு) சேர்வரில் ஓட மறுக்கிறது. கோப்பு கண்முன்னே இருக்க, மொழிபெயர்ப்பி கிடைக்கவில்லை என்று சொல்லி, ஷெல்லின் பெயருக்குப் பின்னால் கூரைக்குறியும் 'எம்' எழுத்தும் காட்டுகிறது.
— வாசகர், பருத்தித்துறை

பதில்: விண்டோஸ், வரி முடிவில் 13, 10 என்ற இரண்டு குறிகளை வைக்கிறது, லினக்ஸ் 10 ஐ மட்டும் வைக்கிறது. உங்கள் ஸ்கிரிப்டின் முதல் வரியில் ஷெல்லின் பெயரோடு அந்த 13 உம் ஒட்டிக்கொண்டதால், அப்படியொரு பெயருள்ள நிரலைச் சேர்வர் தேடித் தோற்கிறது. கூரைக்குறியும் 'எம்' எழுத்தும் அந்த 13 இன் தோற்றம். நோட்பாட் பிளஸ் பிளஸ் என்றால் 'எடிட்' பட்டியலில் வரி முடிவு மாற்றத்துக்குச் சென்று யூனிக்ஸ் என்பதைத் தெரியுங்கள். விம் என்றால் 'பைல் போர்மட்' அமைப்பை யூனிக்ஸ் என்று வைத்துச் சேமியுங்கள். விண்டோஸோடு வரும் சாதாரண நோட்பாட், விண்டோஸ் 10 இன் 1809 பதிப்பிலிருந்துதான் லினக்ஸ் வரி முடிவுகளை ஒழுங்காகக் கையாள்கிறது. அதற்கு முந்திய கணினிகளில் அதைப் பாவிக்க வேண்டாம். எப்ரிபி மூலம் ஏற்றுபவரானால் பரிமாற்ற முறையை 'பைனரி' என்று வையுங்கள். 'ஆஸ்கி' முறை வரி முடிவுகளில் கைவைக்கும். மாற்றிய பின் சேர்வரில் 'பைல்' கட்டளையைக் கோப்பின் பெயரோடு கொடுத்துப் பாருங்கள். விடையில் சிஆர்எல்எப் (அந்த 13, 10 இன் பெயர்) என்ற எழுத்துகள் இல்லாவிட்டால் ஸ்கிரிப்டை ஓட்டலாம்.